இனிஷியலில் தொடங்கி அன்மெல்டுங் வரை: ஜெர்மனிக்குக் குடிபோகும் கொங்கு வீட்டாருக்கு

ஜெர்மனியில் எந்த அலுவலகப் படிவத்தை எடுத்தாலும் முதல் இரண்டு கட்டங்கள் இவைதான்: ஃபமீலியன்நாமே, ஃபோர்நாமே. முதலாவது குடும்பப் பெயர், அடுத்தது சொந்தப் பெயர். இனிஷியல் போட்டே வளர்ந்த நம் ஆட்களுக்குச் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ப.கார்த்திகேயன், ஆதாரில் கார்த்திகேயன் பி, பாஸ்போர்ட்டில் கார்த்திகேயன் பழனிசாமி, கல்யாணப் பதிவுச் சான்றில் பி.கார்த்திகேயன் என்கிற கார்த்தி. ஈரோட்டு பேங்கிலோ தாராபுரம் தாலுகா ஆபீசிலோ நாலும் ஒரே ஆள்தான் என்று வாயால் சொல்லிப் புரியவைத்துவிடலாம். ஜெர்மன் அலுவலருக்கு அது நாலு ஆள்.

அதனால் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து, வீட்டிலுள்ள எல்லாச் சான்றுகளையும் தரையில் பரப்பி, பாஸ்போர்ட்டை நடுவில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே போனபின் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துதான் உங்கள் பெயர். மற்ற காகிதங்கள் அதற்கு ஒத்துப்போக வேண்டும். எழுத்துக்கூட்டலைத் தனியாகப் பாருங்கள். பழனிசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் 'எல்' போட்டும் எழுதுகிறோம், 'இசட் எச்' போட்டும் எழுதுகிறோம். 'சாமி' சில இடத்தில் 'சுவாமி' ஆகிவிடும். அப்பாவின் ஆதாரில் ஒரு விதம், உங்கள் பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம் என்றிருந்தால், சுலபமாகத் திருத்தக்கூடியதை, அதாவது ஆதாரை, முதலில் திருத்துங்கள். பாஸ்போர்ட்டை மாற்றுவது கடைசி வழி.

ஒரே ஒரு நிலையில் மட்டும் பாஸ்போர்ட்டை மாற்றியே ஆக வேண்டும்: சர்நேம் கட்டம் காலியாக இருந்தால். இந்தியப் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். ஆனால் அதைச் சர்நேமில் போடாமல் காலியாக விடவும் அனுமதி உண்டு. பழைய பாஸ்போர்ட் பலவற்றில் முழுப் பெயரும் கிவன் நேம் கட்டத்திலேயே இருக்கும். ஜெர்மன் கணினியில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு மனிதரைப் பதிய முடியாது. ஓர் அலுவலகம் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முன்பெயர் இடத்தில் ஒரு கோடு போடும். பேங்க் வேறு மாதிரி பிரிக்கும். காப்பீட்டுக் கம்பெனி மூன்றாவது மாதிரி. பிறகு சம்பளம் வரும் கணக்கும் வரி எண்ணும் வேறு வேறு ஆளுக்குச் சொந்தமாகிவிடும். கோவை அவிநாசி சாலை பாஸ்போர்ட் அலுவலகத்தில் மறுவழங்கலுக்கு விண்ணப்பித்து, அப்பா பெயரைச் சர்நேமில் ஏற்றிக்கொள்ளுங்கள். விசா ஒட்டியபின் இதைச் செய்தால் விசாவையும் மாற்ற வேண்டிவரும். அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயரைச் சர்நேமாக்கிவிட்டால் அங்கே எல்லாரும் உங்களை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் "ஹெர் பழனிசாமி" என்று குரல் கேட்டால் எழுந்து போக வேண்டியது நீங்கள். மனைவிக்கு அவருடைய அப்பா பெயர் சர்நேமாக இருக்கும். அது அப்படியே இருக்கட்டும். கணவன் மனைவிக்கு வேறு வேறு குடும்பப் பெயர் இருப்பது ஜெர்மனியில் சாதாரணம். கல்யாணம் ஆனதற்காக அவசரப்பட்டு மனைவியின் பெயரை மாற்றி, படிப்புச் சான்றோடு ஒத்துப்போகாமல் செய்துகொள்ள வேண்டாம். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் துணைவர் பெயரை ஏற்றிக்கொண்டால் போதும்.

தாய்வீட்டுப் பிரசவமும் பிறப்புச் சான்றும்

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். வீடு பொள்ளாச்சியில், அம்மா ஊர் காங்கேயம், பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி தாராபுரம் என்றால் பதிவேடு தாராபுரத்தில் இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறந்த இடம் என்ற கட்டத்தில் பலரும் சொந்த ஊரையோ கோயமுத்தூரையோ எழுதிவிடுகிறார்கள். இந்த முரண் ஜெர்மனியில் குழந்தை பிறக்கும்போதோ குடியுரிமை கேட்கும்போதோதான் வெளியே வரும். அப்போது ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்து திருத்துவது பெரிய பாடு.

2018-க்குப் பின் பதிவான பிறப்புகளை மாநில அரசின் இணையதளத்திலிருந்தே எடுக்கலாம். அதற்கு முந்தையவை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அலுவலகங்களில் இருக்கும். கிராமத்துப் பழைய பதிவேடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேட வேண்டும். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா. பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்துவிட்டு, பெயர்க் கட்டத்தைக் காலியாகவே விட்ட சான்றுகள் ஏராளம். பள்ளிச் சான்றைக் காட்டிப் பெயரை ஏற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, சான்று தமிழும் ஆங்கிலமுமாக அச்சில் இருக்கிறதா.

இந்த இரண்டாவதுக்குக் காரணம் உண்டு. ஜெர்மன் அலுவலகங்கள் கேட்பது அங்கே நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் செய்த பெயர்ப்பு. கோவையில் நோட்டரி முத்திரையோடு செய்துகொண்டு போனால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள், காசு வீண். தமிழிலிருந்து நேராக ஜெர்மனுக்குச் செய்ய உரிமை பெற்றவர்கள் குறைவு. ஆங்கிலத்திலிருந்து செய்பவர்கள் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். அதைவிட முக்கியம், தமிழ் மட்டும் உள்ள சான்றில் பெயரை ரோமன் எழுத்துக்கு மாற்றும்போது மொழிபெயர்ப்பாளர் ஐஎஸ்ஓ 15919 என்ற எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றுவார். அந்த முறையில் நம் 'ச'வுக்கு 'சி' என்ற எழுத்து, 'த'வுக்கு வெறும் 'டி'. பாஸ்போர்ட்டில் 'எஸ்'ஸில் தொடங்கும் செந்தில்குமார், பெயர்ப்பில் 'சி'யில் தொடங்குவார். சான்றிலேயே ஆங்கில வடிவம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே எடுத்துக்கொள்வார். கையால் எழுதிய பழைய தமிழ்ச் சான்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கல்யாணப் பதிவுக்கும் இதே கதை. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி கல்யாணமாகி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவுக்கு உட்காரும்போது மாப்பிள்ளை, பெண், இரு வீட்டுப் பெற்றோர் என எல்லாப் பெயரையும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி, இனிஷியலை விரித்து எழுதச் சொல்லுங்கள். பத்திரிகையில் அடித்த பெயரை அப்படியே ஏற்றிவிட்டால் பின்னால் திருத்த மறுபடி இரண்டு பேரும் ஊருக்கு வர வேண்டும்.

இனி, அப்போஸ்டில்: ஒரு நாட்டுச் சான்றை இன்னொரு நாடு ஏற்பதற்காக, ஹேக் ஒப்பந்தப்படி அடிக்கும் அரசு முத்திரை. சான்றுகளுக்கெல்லாம் அப்போஸ்டில் அடித்துத் தருகிறோம் என்று காந்திபுரம் முதல் கரூர் வரை ஏஜென்ட்கள் போர்டு வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு 2021 செப்டம்பரிலிருந்தும், சவுதிக்கு 2022 டிசம்பரிலிருந்தும், கனடாவுக்கு 2024 ஜனவரியிலிருந்தும் அது செல்லும். அமீரகமும் கத்தாரும் குவைத்தும் அந்த ஒப்பந்தத்திலேயே இல்லை; அங்கே தூதரக முத்திரைதான். ஜெர்மனி ஒப்பந்தத்தில் இருந்தும், இந்தியா சேர்ந்தபோது மறுப்புத் தெரிவித்த நாடு. ஆகவே இந்தியச் சான்றின் மேல் அடித்த அப்போஸ்டிலுக்கு ஜெர்மன் பதிவு அலுவலகத்தில் மதிப்பில்லை. ஜெர்மனிக்கு மட்டும் போகிறவர் அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக அவர்களிடம் இருப்பது நேரடி விசாரணை. சந்தேகம் வந்தால், அல்லது குழந்தைப் பிறப்பு, கல்யாணம் போன்ற பதிவுகளில் வழக்கமாகவே, ஜெர்மன் அலுவலகம் சென்னையிலுள்ள தங்கள் துணைத் தூதரகம் வழியாகச் சான்றுகளைச் சரிபார்க்கச் சொல்லும். தூதரகம் நியமிக்கும் ஆள் சான்று கொடுத்த அலுவலகத்துக்கும், சில நேரம் உங்கள் ஊருக்கும் வந்து விசாரிப்பார். செலவு உங்களுடையது, சில நூறு யூரோ ஆகும், மாதக்கணக்கில் இழுக்கும். படிவத்தில் ஊரிலுள்ள தொடர்பாளர் பெயரும் போன் எண்ணும் கேட்பார்கள். அந்த நபரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தெரியாத ஆள் வந்து பையனைப் பற்றி விசாரித்தால், சம்பந்தம் பேச வந்திருக்கிறார்களோ என்று நினைத்து, வயதை ஒன்றிரண்டு குறைத்துச் சொல்லும் பெரியவர்கள் நம் ஊரில் உண்டு. அங்கே சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அறிக்கையில் ஏறும்.

முதல் பதினான்கு நாள்

ஜெர்மனியில் எல்லாக் காகிதத்துக்கும் தாய்க் காகிதம் முகவரிப் பதிவு. அதன் பெயர் அன்மெல்டுங். வீட்டில் குடியேறிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அந்த ஊரின் பூர்கர்ஆம்ட் என்ற குடிமக்கள் அலுவலகத்தில் பதிய வேண்டும். வரி எண், பேங்க், வதிவிட அனுமதி, எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரிசையாக நிற்கின்றன. இந்த வரிசையை மாற்றி ஓடிப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு கவுன்டரிலும் "அன்மெல்டுங் கொண்டுவாருங்கள்" என்ற ஒரே பதிலைக் கேட்டுத் திரும்புவார்கள்.

கொண்டுபோக வேண்டியது பாஸ்போர்ட், விசா, நிரப்பிய படிவம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதி. இந்தக் கடைசிக் காகிதத்தின் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்; சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும், ஆனால் 2015 நவம்பரிலிருந்து இது இல்லாமல் பதிவு கிடையாது. வாடகை ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது. எத்தனையோ பேர் பத்துப் பக்க ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்விட்டு, இந்த ஒரு பக்கம் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறார்கள். அதில் வீட்டுக்காரரின் பெயர், முகவரி, குடியேறிய தேதி, வீட்டு முகவரி, குடிவந்தவர்கள் எல்லாருடைய பெயரும் இருக்க வேண்டும். மனைவி, குழந்தை பெயரை விட்டுவிட்டால் அவர்களுக்குத் தனியாக இன்னொன்று வாங்க வேண்டும். குடும்பமாகப் போகிறவர்கள் கல்யாணச் சான்றையும் குழந்தைகளின் பிறப்புச் சான்றையும் பெயர்ப்போடு கொண்டுபோங்கள். கல்யாணம் அங்கே பதிவானால்தான் வரி வகுப்பு, அதாவது சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்ற பிரிவு, மாறும்.

வீடு தேடும்போதே கேட்டுவிடுங்கள்: இங்கே அன்மெல்டுங் செய்யலாமா? "செய்ய முடியாது" என்று சொல்லி வாடகையைக் கொஞ்சம் குறைக்கும் அறைகள் பெரிய நகரங்களில் நிறைய. மூன்று மாதம் அங்கே இருந்தால் மூன்று மாதம் எந்தக் காகிதமும் நகராது. நண்பரின் வீட்டில் தங்கினால், மூல வாடகைதாரரான அவரே உறுதிக் காகிதம் தரலாம். வீட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு. தங்காத வீட்டு முகவரியில் பதிந்துகொள்ள உதவுகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போகவே வேண்டாம். பதிவைத் தாமதித்தால் 1,000 யூரோ வரை அபராதம். பொய் முகவரி கொடுத்து உதவியவருக்கு 50,000 யூரோ வரை.

நேரம் ஒதுக்கிக்கொள்வதற்கு டெர்மீன் என்று பெயர். பெர்லின் போன்ற ஊரில் அடுத்த இடம் ஆறு வாரம் தள்ளிக் காட்டும். மற்றவர்கள் ரத்து செய்யும் இடங்கள் காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் இணையத்தில் வெளிவரும். அப்போது பார்த்துக்கொண்டிருந்தால் அதே நாளில்கூடக் கிடைக்கும். நகருக்குள் எந்த பூர்கர்ஆம்ட்டிலும் பதியலாம், உங்கள் வட்டாரத்துக்கே போக வேண்டும் என்றில்லை. பதினான்கு நாளுக்குள் இடம் கிடைக்காவிட்டால், முயற்சி செய்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். வழக்கமாக அதற்கு மேல் துருவமாட்டார்கள்.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பள்ளிக்கூடப் படிவம் போல நினைத்து நிரப்ப வேண்டாம். கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட் என்று எழுதினால், வருமான வரியின் மேல் பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம் தேவாலய வரியாகப் பிடிப்பார்கள். கோவை, திருப்பூர் திருச்சபைக் குடும்பங்களிலிருந்து போகிறவர்கள் இதைத் தெரிந்து முடிவு செய்யட்டும். மற்றவர்களுக்கு இதனால் ஒன்றும் இல்லை.

அன்மெல்டுங் செய்த அன்றே வாசல் தபால்பெட்டியில் பெயரை ஒட்டுங்கள். இதைக் கடைசியில் சொல்லியிருந்தாலும் செய்ய வேண்டியது முதலில்தான். தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்ப்பதில்லை, அங்கே பல அடுக்கு மாடிகளில் கதவு எண்ணே கிடையாது. பெட்டியின் மேல் உள்ள பெயரைப் பார்ப்பார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். பழனிசாமி, அவர் மனைவியின் குடும்பப் பெயராகிய முத்துசாமி, குழந்தையின் குடும்பப் பெயராகிய கார்த்திகேயன் என ஒரே வீட்டில் மூன்று பெயர் இருந்தால் மூன்றையும் ஒட்ட வேண்டும். வீட்டுக்காரர் சிறிய பித்தளைத் தகடு போட்டுத் தரும்வரை ஒரு துண்டுக் காகிதம் போதும்.

தானாக வரும் கடிதங்கள்

இரண்டு முதல் நான்கு வாரத்தில் பதினொரு இலக்க வரி எண், ஷ்டாயர் ஐடி, தபாலில் வரும். ஆயுளுக்கும் ஒரே எண். அது கையில் வருவதற்குள் சம்பளம் போட வேண்டியிருந்தால் கம்பெனி ஆறாம் வரி வகுப்பில் பிடித்தம் செய்யும். பாதிச் சம்பளம் காணாமல் போனது போல இருக்கும். பதற வேண்டாம், எண்ணைக் கொடுத்ததும் சரிசெய்வார்கள், மிச்சம் ஆண்டுக் கணக்கில் திரும்பும். கடிதம் தொலைந்தால் போனில் சொல்லமாட்டார்கள், மறுபடி தபாலில்தான்.

வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டும் ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி இல்லையே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் எல்லாருக்கும் உண்டு, நிலுவை சேர்ந்தால் வசூலுக்கு ஆள் வரும். நாலு பேர் பகிர்ந்து தங்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். மற்றவர்கள் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிட வேண்டும். மாணவர் என்பதற்காக மட்டும் விலக்கு இல்லை.

மருத்துவக் காப்பீட்டில் மாணவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான், ஆனால் பெரிய தவறு. 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு அரசுமுறைக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் உண்டு. அதைவிட மலிவாக இருக்கிறதென்று தனியார் காப்பீடு எடுத்து, அரசுமுறையிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்ப வர முடியாது. விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீட்டைக் காட்டிப் பல்கலைக்கழகத்தில் சேரவும் முடியாது. காப்பீட்டு நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு நேராக மின்வழியில் தகவல் அனுப்பும். அதற்காக அவர்களிடம் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சரியாகச் சொல்லிவிடுங்கள்.

வதிவிட அனுமதி

ஊரில் ஒட்டித் தந்த தேசிய விசா ஒரு நுழைவுச் சீட்டு மாதிரி. அது முடிவதற்குள் அவுஸ்லெண்டர்பெஹோர்டே என்ற வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் அட்டைக்கு 100 யூரோ. மாணவர்கள் முடக்கக் கணக்கை, அதாவது செலவுக்கான பணத்தை முன்பே போட்டு மாதாமாதம் ஓர் அளவு மட்டும் எடுக்கும் கணக்கை, காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதம் எடுக்கக்கூடியது 992. வேலைக்குப் போனவர்கள் ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, காப்பீட்டுச் சான்று. 2025 மே மாதத்திலிருந்து அச்சடித்த போட்டோ செல்லாது. பதிவு பெற்ற ஸ்டூடியோவிலோ அலுவலக இயந்திரத்திலோ எடுத்து மின்வழியில் அனுப்பியதுதான். ஆர்.எஸ்.புரத்தில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களை இதற்காகக் கட்டுக்கட்டாகச் சுமந்து போக வேண்டாம்.

இந்த அலுவலகங்கள் மெதுவானவை. விசா முடியும் தேதிக்கு எட்டு முதல் பத்து வாரம் முன்பே இணையத்தில் விண்ணப்பித்து, அனுப்பிய நேரமும் தேதியும் உள்ள ஒப்புகையைச் சேமித்துக்கொள்ளுங்கள். விசா முடியும் முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு வரும்வரை பழைய அனுமதியே தொடர்வதாகச் சட்டம் கருதும். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தொடர்வதைக் காட்டும் காகிதத்துக்கு ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று பெயர், 13 யூரோ. அதில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவதில், அதாவது பழைய அனுமதி தொடர்கிறது என்பதில், குறி இருந்தால்தான் ஊருக்குப் போய்த் திரும்பி நுழைய முடியும். முதல் கட்டத்தில் குறி இருந்தால் ஜெர்மனிக்குள் இருக்கலாம், வெளியே போனால் புது விசா எடுத்துத்தான் வர வேண்டும். பொங்கலுக்கு டிக்கெட் போடுமுன் இந்தக் குறியைப் பாருங்கள். கொச்சியில் விமானம் ஏறும் இடத்தில் இருக்கும் ஊழியருக்கு இந்தக் காகிதம் பழக்கமில்லாமல் இருக்கலாம். முடிந்த விசா உள்ள பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டத் தயாராக இருங்கள்.

அட்டை கிடைத்தபின்னும் ஒரு கணக்கு உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் சாதாரண வதிவிட அனுமதி தானாகவே செத்துவிடும். பட்டம் பெற்று வேலைக்குப் போகிறவர்களுக்கான ப்ளூ கார்டுக்கு 12 மாதம். பிரசவத்துக்காகத் தாய்வீடு வரும் பெண்கள் ஏழாம் மாதம் வந்து, குழந்தைக்குப் பாஸ்போர்ட், விசா எல்லாம் எடுத்துக் கிளம்புவதற்குள் ஆறு மாதம் சுலபமாகத் தாண்டிவிடும். கிளம்பும் முன்பே அலுவலகத்தில் எழுதிக் கேட்டு நீட்டிப்பு வாங்கிக்கொள்ள வேண்டும். போனபின் கேட்பதைவிட முன்பே கேட்பது எவ்வளவோ மேல்.

ஓட்டுநர் உரிமம் பற்றிச் சுருக்கமாக: குடியேறி ஆறு மாதம் வரை, மொழிபெயர்ப்போடு சேர்த்து, இந்திய உரிமத்தில் ஓட்டலாம். அதன்பின் ஓட்டினால் உரிமமே இல்லாமல் ஓட்டிய குற்றம், காப்பீடும் கைவிடும். இந்தியா நேரடி மாற்றுப் பட்டியலில் இல்லை. எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் இரண்டும் உண்டு. கட்டாய வகுப்பு எண்ணிக்கை மட்டும் உங்களுக்கு இல்லை. ஆனாலும் நாலைந்து வகுப்பு எடுத்துக்கொள்வதே லாபம். அவிநாசி சாலையில் பத்து வருடம் ஓட்டியவர்களும் 'வலதுபக்கத்து வண்டிக்கு வழி' என்ற ஒரே விதியில் தோற்கிறார்கள். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் கிடையாது.

அங்கே குழந்தை பிறந்தால்

ஒரு வாரத்துக்குள் ஷ்டாண்டஸ்ஆம்ட் என்ற பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். நீங்கள் கொடுக்க வேண்டியது இருவரின் பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, பாஸ்போர்ட். மேலே சொன்ன எழுத்துப்பிழைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வரும் இடம் இது. ஏதாவது ஒட்டவில்லை என்றால் பிறப்புச் சான்று தராமல், 'பெற்றோர் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை' என்ற குறிப்போடு பதிவேட்டுச் சான்றுப்படி ஒன்று தருவார்கள். சான்றின் இடத்தில் அது செல்லும், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம், கலங்க வேண்டாம்.

குழந்தையின் குடும்பப் பெயரை நீங்கள் அங்கேயே சொல்ல வேண்டும். தமிழ் முறைப்படி அப்பாவின் சொந்தப் பெயரைக் குழந்தையின் பின்பெயராக்கலாமா என்று கேளுங்கள், இந்திய வழக்கம் என்று விளக்கினால் சில அலுவலகம் ஏற்கும், சில அப்பாவின் சர்நேமையே போடச் சொல்லும். அதாவது தாத்தா பெயர். பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிரசவ வார்டில் உட்கார்ந்து இந்தப் பேச்சு வேண்டாம்.

பெற்றோர் இருவரும் இந்தியர் என்றால், பிறந்து ஓர் ஆண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலும் பதிய வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழியோடு. பெர்லினில் தூதரகம், பிராங்க்பர்ட், ஹாம்பர்க், மூனிக்கில் துணைத் தூதரகங்கள். உங்கள் மாநிலம் எதில் அடங்கும் என்று பாருங்கள், ஸ்டூட்கார்ட்காரர்கள் மூனிக்குக்குத்தான் போக வேண்டும்.

ஊரில் விட்டுவந்தவை

வேலைக்கோ படிக்கவோ போனபின் ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக்கூடாது; அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை என்ஆர்ஓ என்ற, வெளிநாட்டில் வசிப்பவருக்கான கணக்காக மாற்ற வேண்டும். பலரும் இதைத் தள்ளிப்போட்டு, பிறகு பேங்க் ஒருநாள் கணக்கை முடக்கும்போது விழிக்கிறார்கள். என்ஆர்ஓ வட்டிக்கு 30 சதவீதத்துக்கு மேல் பிடித்தம் உண்டு. இந்திய-ஜெர்மன் வரி ஒப்பந்தப்படி அதை 10 சதவீதமாக்கலாம். அதற்கு ஃபினான்ஸ்ஆம்ட் என்ற ஜெர்மன் வரி அலுவலகத்திடம் வாங்கிய வரி வசிப்பிடச் சான்றும், இந்தியப் பக்கம் வருமான வரித் துறையின் உரிய படிவமும் ஒவ்வொரு நிதியாண்டும் பேங்குக்குத் தர வேண்டும். வருமான வரித் தளத்தில் வெளிநாட்டில் வசிப்பவர் என்று நிலையை மாற்றிவிட்டால், ஆதார் இணைக்கவில்லை என்று பான் செயலிழப்பதும் நடக்காது. ஓடிபி வரும் உள்ளூர் சிம்மை மட்டும் சாகவிடாதீர்கள். குறைந்தபட்ச ரீசார்ஜைத் தம்பியோ அத்தையோ மாதாமாதம் போட்டுவிடட்டும்.

அடுத்தது நிலம். பையன் ஜெர்மனியில் சம்பாதிக்கிறான், அவன் பேரில் காங்கேயம் பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டம் வாங்கிப் போடலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலம், எஸ்டேட், பண்ணை வீடு வாங்கச் சட்டத்தில் இடமில்லை. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். வீட்டுமனை, அபார்ட்மென்ட் வாங்கத் தடையில்லை. பத்திர ஆபீசில் யாரும் இதைக் கேட்டுத் தடுக்காமல் போகலாம். அதனால் வாங்கியது செல்லும் என்று ஆகிவிடாது.

வாரிசு நிலத்தைப் பங்கு பிரிக்கவோ விற்கவோ வர முடியாதபோது அண்ணனுக்கோ அப்பாவுக்கோ பவர் எழுதித் தர வேண்டியிருக்கும். ஜெர்மன் நோட்டரியிடம் போய் அப்போஸ்டில் வாங்கி அனுப்புவது முன்பு சொன்ன அதே காரணத்தால் சரிவராது. இந்தியத் தூதரகத்தில் டெர்மீன் எடுத்து, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போடுங்கள். பவர் வாசகத்தை ஊரிலுள்ள பத்திர எழுத்தரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், நாலு பக்க எல்லை எல்லாம் அவர்தான் பிசகாமல் போடுவார். பட்டாவில் தாத்தா பெயர் கவுண்டர், செட்டியார், முதலியார் என்ற பட்டத்தோடு இருக்கும், உங்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் வெறுமனே இருக்கும். 'என்கிற' போட்டு இரண்டையும் பவரிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள்.

அனுப்பிய பவர் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கட்டாமல் நேராகச் சார்பதிவாளரிடம் கொண்டுபோனால் வாங்கமாட்டார். வந்து சேர்ந்த தேதிக்கு ஆதாரம் கூரியர் உறைதான். அப்பாவிடம் போனில் சொல்லிவிடுங்கள்: பத்திரத்தை எடுத்துக்கொண்டு உறையை அடுப்பில் போட்டுவிட வேண்டாம், இரண்டையும் சேர்த்தே பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.